குழந்தை வழிநடத்தும் கற்றலில் பெரியவருக்கு என்ன வேலை?

குழந்தை வழிநடத்தும் கற்றல், அதாவது குழந்தையின் ஆர்வத்தைப் பின்பற்றிச் செல்லும் கற்றல், என்றதும் பலருடைய மனத்தில் ஒரு காட்சி எழுகிறது: ஆசிரியர் ஓர் ஓரத்தில் கைகட்டி நிற்கிறார், குழந்தைகள் தம் விருப்பம்போல் அறையெங்கும் ஓடுகிறார்கள், யாரும் யாருக்கும் எதையும் சொல்லித் தருவதில்லை. இந்தக் காட்சியை மனதார விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், இதை நினைத்தே அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். மழலையர் வகுப்புகளில் நீண்ட காலம் பணியாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன், இரு சாராரும் நடக்காத ஒன்றைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் இத்தகைய வகுப்பில் பெரியவருடைய வேலை குறைவதே இல்லை. அது இடம் மாறுகிறது. பாடம் நடத்தும் அரை மணி நேரத்தில் குவிந்திருந்த உழைப்பு, குழந்தைகள் வருவதற்கு முன்பும் அவர்கள் போன பிறகும் செய்ய வேண்டிய உழைப்பாகப் பிரிந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் எஞ்சுவது, எப்போது உள்ளே நுழைவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்ற முடிவுதான். இந்தத் தொழிலில் மிகக் கடினமானதும் அதுவே.

இந்தப் பெயரின் கீழ் ஒன்றாக அடுக்கப்படும் முறைகள் உண்மையில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. கல்வியாளர் ஃபிரீட்ரிக் ஃபுரோபெல் 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய நிலையம்தான், 1840-இல் கிண்டர்கார்டன் என்ற பெயரைப் பெற்றது. பந்து, உருளை, கனசதுரம் என்று வரிசைப்படுத்திய விளையாட்டுப் பொருள்களை அவர் குழந்தைகளுக்கு 'பரிசுகள்' என்று கொடுத்தார்; விளையாட்டே அந்த வயதின் தலையாய செயல் என்பது அவருடைய நம்பிக்கை. அடுத்த நூற்றாண்டில் வந்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, விளையாட்டு என்ற சொல்லைவிட வேலை என்ற சொல்லையே விரும்பினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நோக்கம் உண்டு, அதைக் கையாள ஒரு முறை உண்டு என்று வரையறுத்தார். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்துப் பள்ளிகளிலோ, பொருள்களுக்கு அப்படி ஒரு முன்முடிவான பயன் கிடையாது. களிமண்ணும் கம்பியும் நிழலும் ஒளியும் குழந்தையின் சிந்தனை வெளிப்படும் மொழிகளாகவே அங்கே கருதப்படுகின்றன. ஹங்கேரியின் குழந்தை மருத்துவர் எம்மி பிக்ளர், 1946-இல் புடாபெஸ்டில் தொடங்கிய காப்பகத்தில் இன்னும் கீழே இறங்கி, கைக்குழந்தையிலிருந்தே தொடங்கினார்: தானாக உட்கார முடியாத குழந்தையை உட்கார வைக்கக் கூடாது, தானாக நிற்காத குழந்தையைப் பிடித்து நிற்க வைக்கக் கூடாது, அது தானாக அந்த நிலைக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவே இவர்களை இணைப்பது ஒன்றுதான். அடுத்த அடி எது என்பதைக் குழந்தையைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பதில் அவர்கள் எல்லாரும் உடன்படுகிறார்கள்.

மாண்டிசோரி தாமே விவரித்திருக்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுகூரலாம். 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமன் கொண்ட மர உருளைகளை ஒரு மரக்கட்டையில் அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள். அவள் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறாள் என்று அறிய, மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார் மாண்டிசோரி, அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள், களைப்பே இல்லாத முகத்தோடு. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிறுமியின் ஈடுபாட்டைத்தான் வியக்கிறார்கள். எனக்கு அந்த மரக்கட்டைதான் கண்ணில் படுகிறது. தவறான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை மீந்து நிற்கும், அல்லது குழிக்குள் இறங்காது. தவறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டையைச் செய்தவர் பாடத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே நடத்தி முடித்துவிட்டார். குழந்தை வழிநடத்தியது உண்மை. ஆனால் அது நடந்த வழியைப் போட்டது ஒரு பெரியவர்.

இதனால்தான், எதைக் குழந்தை தானே கண்டறிய முடியும், எதை முடியாது என்ற கேள்வி முதலில் தீர வேண்டும். இதற்கு சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே செய்த ஒரு பிரிவினை, அவருடைய பிரபலமான வளர்ச்சிப் படிநிலைகளைவிட எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது. அறிவை அவர் மூன்றாகப் பார்த்தார். முதலாவது பொருள்களைப் பற்றிய அறிவு: பந்து உருளும், கல் மூழ்கும், ஈர மணல் நிற்கும், உலர்ந்த மணல் சரியும். இதற்கு விடை சொல்வது பொருளே. இரண்டாவது, பொருள்களுக்கு இடையிலான உறவைப் பற்றிய அறிவு: இந்தக் கூழாங்கற்களை இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் ஒரே தொகைதான் வரும் என்பது எந்தக் கல்லிலும் எழுதியில்லை; அது குழந்தையின் மனம் செய்கைகளின் வழியே தானே கட்டிக்கொள்ளும் உறவு. மூன்றாவது, சமூகம் ஏற்படுத்திக்கொண்ட வழக்கங்கள்: இந்த ஒலிக்கு இந்த எழுத்து, இந்த எண்ணுக்கு இந்தப் பெயர், வாரத்தின் முதல் நாளுக்கு இந்தப் பெயர். இந்த மூன்றாவது வகையை உலகத்தின் எந்தக் குழந்தையும் மணலைக் கிளறிக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது ஒருவர் சொல்லியே ஆக வேண்டும்.

குழந்தை வழிநடத்தும் கற்றலின் ஆதரவாளர்களில் சிலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எழுத்தும் பேச்சைப்போலத் தானாக மலரும், காத்திருந்தால் போதும் என்கிறார்கள். பேச்சைக் குழந்தை சுற்றியிருப்போரிடமிருந்து உள்வாங்கிக்கொள்வது உண்மைதான். எழுத்து மனிதர்கள் செய்த ஏற்பாடு. அதை முறையாகக் கற்பித்தால்தான் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வசப்படும். மாண்டிசோரியே இதில் தயக்கம் காட்டியதில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தையின் விரலால் தடவச் செய்து, "இது இன்ன எழுத்து" என்று நேரடியாகச் சொல்லிக் கொடுப்பது அவருடைய முறையின் முக்கியமான பகுதி. குழந்தையிடம் விடப்படுவது அந்தப் பாடத்துக்கான வேளையும் வேகமும்தான். மறுபக்கத்தில், எதையும் சொல்லித் தந்தால்தான் குழந்தை கற்கும் என்பவர்கள் முதலிரண்டு வகைகளையும் மூன்றாவதைப்போலவே நடத்துகிறார்கள். "எது மூழ்கும், எது மிதக்கும்?" என்று கரும்பலகையில் பட்டியல் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பது இதன் உச்சம். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் இருக்கும்; அதைத் தொடுவதற்குத்தான் அனுமதி இருக்காது.

சொல்லித் தருவதற்கு ஒரு விலையும் உண்டு என்பதை எலிசபெத் போனவிட்ஸும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. பல மறைவான செயல்பாடுகள் கொண்ட ஒரு பொம்மையை மழலையர் முன்வைத்தார்கள். ஒரு பிரிவினரிடம், "இந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன், பார்" என்று சொல்லி, ஒரு குழாயை இழுத்து ஒலியெழுப்பிக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு அதே ஒலி தற்செயலாக எழுந்ததுபோல் காட்டப்பட்டது, அல்லது எதுவுமே காட்டப்படவில்லை. நேரடியாகச் சொல்லித் தரப்பட்ட குழந்தைகள் அந்த ஒரு செயலையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்றவர்கள் அதிக நேரம் விளையாடி, பொம்மையின் ஏனைய வேலைகளையும் கண்டுபிடித்தார்கள். இதைக் குழந்தையின் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்த ஒருவர் ஒன்றை மட்டும் காட்டினால், காட்டத் தக்கது அவ்வளவுதான் என்று கொள்வது அறிவார்ந்த முடிவுதான். ஆசிரியரை நம்பியதால்தான் அந்தக் குழந்தைகள் தேடுவதை நிறுத்தினார்கள்.

பாராட்டும் பரிசும்கூட இப்படித்தான் எதிர்பாராத இடத்தில் கடிக்கின்றன. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோரின் 1973-ஆம் ஆண்டு ஆய்வில், ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் விருப்பம் கொண்டிருந்த மழலையர் சிலருக்கு, வரைந்தால் பொன்முத்திரை ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள்கள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண வேளையில் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டும் வழக்கமுள்ள வகுப்பறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

அப்படியானால் பெரியவர் ஒதுங்கியே இருந்துவிடலாமா என்றால், சான்றுகள் அதற்கும் இடம் தரவில்லை. வழிகாட்டுதல் ஏதுமற்ற தூய கண்டுபிடிப்புக் கற்றலைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், ஒவ்வொரு தலைமுறையிலும் அது தோற்றிருக்கிறது என்று 2004-இல் எழுதினார். 164 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான அல்ஃபியேரி குழுவின் பகுப்பாய்வு இன்னும் நுட்பமானது: துணையே இல்லாமல் விடப்பட்டவர்கள் நேரடியாகக் கற்பிக்கப்பட்டவர்களைவிடப் பின்தங்கினார்கள், ஆனால் தேடலின் ஊடே கேள்வி, குறிப்பு, விளக்கம் என்று துணை பெற்றவர்கள் மற்றெல்லா வகையினரையும்விட நன்றாகக் கற்றார்கள். இலக்கைப் பெரியவர் மனத்தில் வைத்திருக்க, அதை அடையும் போக்கைக் குழந்தை தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்று வழிகாட்டப்பட்ட விளையாட்டு என்கிறார்கள்.

1967-இல் அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் டேவிட் வைகார்ட் தொடங்கிய ஓர் ஒப்பீட்டு ஆய்வும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 68 குழந்தைகளை நேரடிக் கற்பித்தல், மரபான மழலையர் பள்ளி, குழந்தைகள் திட்டமிட்டுச் செய்து பிறகு அதைப் பற்றிப் பேசும் ஹைஸ்கோப் என்று மூன்றாகப் பிரித்தார்கள். நுண்ணறிவு மதிப்பெண் மூன்று குழுக்களிலும் ஒன்றுபோல் உயர்ந்தது. 23 வயதுக்குள் கைதானவர்களின் அளவு முதலிய சமூக அளவுகளில் நேரடிக் கற்பித்தல் பெற்றவர்கள் மோசமாக இருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு முழங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குழுவுக்கு இருபத்துச் சொச்சம் குழந்தைகள் கொண்ட ஆய்வு அது, ஹைஸ்கோப்பை உருவாக்கியவர்களே நடத்தியது. சிந்திக்க வைக்கும், தீர்ப்புச் சொல்லாது. மாண்டிசோரி பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு ஏஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்ட்டும் 2006-இல் வெளியிட்ட ஆய்வை நான் அதைவிட மதிக்கிறேன். பெற்றோரின் அக்கறை என்ற வேறுபாட்டைக் குலுக்கல் பெருமளவு நீக்கிவிடுகிறது. அதில் மாண்டிசோரி முறையில் பயின்ற ஐந்து வயதினர் எழுத்தறிவு, எண்ணறிவு, சிந்தனையையும் செயலையும் தானே நெறிப்படுத்தும் திறன் ஆகியவற்றில் முன்னே நின்றார்கள்.

ஆய்வுகள் எவ்வளவு சொன்னாலும், வகுப்பறையில் அந்தக் கணத்தை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, குழந்தை தனியே செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட பரப்பை அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் 1976-இல் அந்தத் துணையைக் கட்டடத்துக்குப் போடும் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். சாரத்தைக் கட்டுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பிரிப்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. நான் கவனித்த ஒரு சிறுவன், நீளமான ஒளிபுகும் குழாயின் ஒரு முனையில் புனலைச் செருகித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மறுமுனையைப் புனலைவிட உயரப் பிடித்திருந்ததால் தண்ணீர் புனலிலேயே திரும்பி வழிந்தது. இன்னும் வேகமாக ஊற்றினான்; பெரிய கோப்பையால் ஊற்றினான்; புனலை மாற்றினான். "கையைக் கீழே இறக்கு" என்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் முகம் இன்னும் தேடிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. கோப்பையை வீசிவிடும் கட்டத்தை அவன் நெருங்கியபோது, "தண்ணீர் குழாயில் எதுவரை போயிருக்கிறது, பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். அவன் குழாயின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். விடை வர அதன் பிறகும் நேரம் பிடித்தது. வந்தது அவனுடைய விடையாக வந்தது. இன்னொரு குழந்தைக்கு இதே கேள்வி பயன்பட்டிருக்காது. கூடவே அமர்ந்து இன்னொரு குழாயில் செய்து காட்டியிருக்க வேண்டும்.

காத்திருத்தல் எவ்வளவு அரிதானது என்பதற்கு கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் அளந்தது நல்ல சான்று. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது விடைகள் நீண்டன, காரணங்களோடு வந்தன, பேசாத குழந்தைகளும் பேசினார்கள். ஒரு விநாடியை மூன்றாக்குவதற்கு எந்தப் பொருள்செலவும் இல்லை. பெரியவர்களுக்கு மௌனம் பிடிக்காது என்பதுதான் தடை.

உற்றுநோக்கத் தெரியாதவருக்கு இந்த முறையில் செய்ய ஒன்றுமில்லை. சேட்டை என்று நாம் பெயரிடும் பலவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கல்வி ஆய்வாளர் கிறிஸ் ஏத்தி விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஸ்கீமா என்ற பெயரில் அவர் விவரித்தவை, குழந்தை பல பொருள்களிடம் ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் போக்குகள். கரண்டியை வீசி, பந்தை வீசி, செருப்பையும் வீசும் குழந்தை, பொருள்கள் செல்லும் பாதையை ஆராய்ந்துகொண்டிருக்கலாம். பொம்மையைத் துணியில் சுற்றி, கைக்குட்டையில் கல்லைப் பொதிந்து, தானும் போர்வைக்குள் ஒளியும் குழந்தைக்கு மூடுவதும் மறைவதும் விஷயம். இது தெரிந்த ஆசிரியர் வீசக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், எதை எங்கே வீசலாம் என்பதையும் ஏற்பாடு செய்வார். அதேபோல, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும் குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவது பலருக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இலேயே அப்படிப் பார்த்து நிற்பதை விளையாட்டுப் பங்கேற்பின் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்.

பார்த்ததை எழுதி வைப்பது அடுத்த பாதி வேலை. ரெஜியோ எமிலியாவில் குழந்தைகளின் உரையாடல், வரைபடம், புகைப்படம் எல்லாம் சுவரில் இடம்பெறுவது அழகுக்காக இல்லை. நேற்று இவர்கள் எங்கே நின்றார்கள் என்று தெரிந்தால்தான் நாளைக்கு எந்தப் பொருளை மேசையில் வைப்பது என்று ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க முடியும். அந்தப் பள்ளிகளின் பிறப்பே பெரியவர்களின் கூட்டு உழைப்பில்தான்: 1945-இல் போர் முடிந்த சில நாள்களில், அருகிலிருந்த வில்லா செல்லா கிராமத்தார், பின்வாங்கிய ஜெர்மானியர் விட்டுச் சென்ற பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் தங்கள் கைகளாலேயே ஒரு பள்ளியைக் கட்டத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு மிதிவண்டியில் பார்க்க வந்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி தம் வாழ்நாள் முழுவதையும் அந்தப் பணிக்கே கொடுத்துவிட்டார். நியூசிலாந்தில் மார்கரெட் கார் முன்வைத்த கற்றல் கதைகளும் இதே திசையில் செல்பவை. தெரியும், தெரியாது என்று கட்டங்களில் குறியிடுவதற்குப் பதிலாக, ஒரு குழந்தை ஒன்றில் எப்படி இறங்கியது, தடை வந்தபோது என்ன செய்தது என்று ஆசிரியர் ஒரு பக்கம் எழுதுகிறார். அது குடும்பத்துக்கும் குழந்தைக்கும் வாசித்துக் காட்டப்படுகிறது. "இன்று என்ன கற்றாய்?" என்ற பெற்றோரின் கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு சுதந்திரம் ஒரே பலனைத் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள், பேச்சு தாமதப்பட்ட சில குழந்தைகள், திறந்து விடப்பட்ட அறையில் ஒரே மூலையில் ஒரே செய்கையோடு நின்றுவிடக் கூடும். அவர்களுக்கு நேரடியான, படிப்படியான கற்பித்தல் தேவைப்படும். அதை மறுத்துவிட்டு, அது குழந்தையின் விருப்பம் என்பது கைவிடுவதற்கு வைத்த நல்ல பெயர். கூச்ச சுபாவமுள்ள குழந்தையின் இடத்தை உரத்த குரலுள்ள குழந்தை எடுத்துக்கொள்வதும் கண்காணிப்பில்லாத சுதந்திரத்தில் நடப்பதே.

ஒரு மழலையர் பள்ளி தன்னைக் குழந்தை வழிநடத்தும் பள்ளி என்று சொல்லிக்கொண்டால், அதன் விளம்பரத்தாளைப் படிப்பதைவிட அறைக்குள் சற்று நேரம் நிற்பது நல்லது. சுவரில் தொங்கும் பட்டாம்பூச்சிகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே இடத்தில் ஒட்டிய கண்களோடு இருந்தால் அவற்றைச் செய்தவர் ஆசிரியர்தான். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருள்கள் இருக்கின்றனவா, எடுத்தால் திரும்ப வைக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கால அட்டவணையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறதென்றால் எந்தக் குழந்தையும் எதிலும் ஆழ முடியாது. மாண்டிசோரி வகுப்புகளில் இடையூறின்றி ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒதுக்குவது இந்தக் காரணத்துக்காகத்தான். ஓர் ஆசிரியரிடம் எத்தனை குழந்தைகள் என்பதைத் தயங்காமல் கேளுங்கள், ஏனென்றால் முப்பது பேரை ஒருவர் காவல் காக்கலாமே தவிர உற்றுநோக்க முடியாது. அதன் பிறகு, ஏதாவது ஒரு குழந்தையைப் பற்றி இந்த வாரம் எழுதிய குறிப்பைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அழகான தாள் வேண்டியதில்லை. கிறுக்கலாக இருந்தாலும், அந்தக் குழந்தை என்ன செய்தது, அதைப் பார்த்து மறுநாள் எதை மாற்றினோம் என்ற இரண்டு வரிகள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.